அரிச்சல்முனையில் நொறுங்கிய புஷ்

தனுஷ்கோடியைத் தாண்டி, தார்ச்சாலை முடிந்து வட்டமாகத் திரும்புகிற இடத்தில் அது நடந்தது. என் அக்கா மகன் வண்டியை ஓரங்கட்டி, கியர் லிவரைப் ‘பி’யில் தள்ளிவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். வண்டி நிற்கவில்லை. உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி மாங்காய் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் தள்ளுவண்டியை நோக்கி, நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. அவன் மறுபடி பிரேக்கை மிதித்தான். நான் கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். இரண்டு சாண் இடைவெளியில் நின்றது. லிவருக்குப் பக்கத்தில் ‘பி’ என்ற எழுத்து எரிந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த திரையோ ‘டி’ என்று காட்டியது.

எஞ்சினை அணைத்துவிட்டு லிவரை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தான். ரசத்தில் விட்ட கரண்டியைப்போல அது எந்தப் பிடிப்பும் இல்லாமல் ஆடியது. “மாமா, கியர் பாக்ஸ் போச்சு” என்றான். முகம் வெளிறிவிட்டது. இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், ஆட்டோ கியர், பத்து வயது ஆனது. கோயம்புத்தூரில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கி, ராமநாதபுரத்தில் வைத்துச் சனி ஞாயிறுகளில் மட்டும் ஓட்டுவான். 2017 ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டதிலிருந்து இப்படிப்பட்ட வண்டிகள் இங்கே நிறைய வருகின்றன. அதற்கு முன்பு மணலிலும் ஓதத் தண்ணீரிலும் உழன்று போகிற வேன்களும் ஜீப்புகளும்தான் இந்த முனைக்கு வரும்.

கியர் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. போனது, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய ஒரு வளையம். பட்டறைக்காரர்கள் அதைப் புஷ் என்பார்கள். அது எப்படிப் போனது என்பதில்தான் எனக்கு அக்கறை. பல ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் நான். இந்தக் கடற்கரையில் உப்புக் காற்று என்றால் எல்லோரும் இரும்பைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். அன்று கெட்டது இரும்பு இல்லை.

ஆட்டோ கியர் வண்டியில் நம் கையிலிருக்கும் லிவருக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே பெரும்பாலும் இருப்பது ஒரு கேபிள். சைக்கிளின் பிரேக் ஒயரைப் பார்த்திருப்பீர்கள்: வெளியே ஓர் உறை, உள்ளே வழுக்கி ஓடும் எஃகுக் கம்பி. எர்னஸ்ட் பௌடன் என்பவர் 1896-இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. சைக்கிள் கம்பி இழுக்க மட்டுமே செய்யும். கார் கம்பி தள்ளவும் வேண்டும் என்பதால் தடிமனாகவும் விறைப்பாகவும் இருக்கும். கம்பியின் கடைசியில் ஒரு கண். கண்ணுக்குள் புஷ். புஷ்ஷின் துளைக்குள், கியர் பெட்டியின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கையின் முளை. லிவரை நகர்த்தினால் கம்பி அந்தக் கையைத் திருப்பும். அவ்வளவுதான் வெளியே நடப்பது.

உள்ளே அந்தக் கை இரண்டு வேலை செய்கிறது. எண்ணெய் எந்த வழியே பாய வேண்டும் என்று முடிவு செய்யும் ஒரு வால்வை நகர்த்துகிறது. முன்னோக்கிய கியரும் பின்னோக்கியதும் அதனால் பிரிகின்றன. ‘பி’க்குப் போனால், ஒரு பல்சக்கரத்தின் இடுக்கில் விழுமாறு ஓர் இரும்புக் கொக்கியைத் தள்ளுகிறது. நிறுத்திய வண்டி உருளாமல் இருப்பது அந்தக் கொக்கியால். ஒவ்வொரு நிலையிலும் கைக்குத் தெரிகிற அந்தத் ‘தட்’ என்ற உணர்வும் லிவரில் பிறப்பதில்லை. பள்ளம் பள்ளமாக வெட்டிய ஒரு தகட்டின்மேல் சுருள்வில் அழுத்தும் உருளை ஒன்று விழுந்து எழுவதுதான் அது. கியர் பெட்டிக்குள் நடப்பதைக் கேபிள் நம் உள்ளங்கைக்குக் கொண்டுவருகிறது.

புஷ் உடைந்தால் கண் முளையிலிருந்து நழுவிவிடும். லிவர் எங்கு வேண்டுமானாலும் போகும். கியர் பெட்டியின் கை கடைசியாக நின்ற இடத்திலேயே நிற்கும். அக்கா மகன் ‘டி’யில் வந்தான், கை ‘டி’யில் நின்றுவிட்டது. அவன் வண்டியில் திரையிலுள்ள எழுத்து கியர் பெட்டியின் பக்கம் இருக்கும் உணரியிலிருந்து வருகிறது. லிவருக்குப் பக்கத்தில் இருந்த எழுத்து லிவரை மட்டுமே பார்க்கிறது. திரை சொன்னதே உண்மை. அணைத்த எஞ்சினை மறுபடி கிளப்ப முடியாமல் போனதற்கும் அதுதான் காரணம்: ‘பி’யிலோ ‘என்’னிலோ இருந்தாலொழிய ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலாதபடி வைத்திருக்கிறார்கள்.

எழுத்துகளின் வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டோ கியர் முதலில் பெருவாரியாக வந்தது 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில். அதில் ரிவர்ஸ், மெதுவாகச் செல்லும் முன் கியருக்கு அடுத்தே இருந்தது. கை தவறினால் வண்டி எதிர்த்திசையில் பாயும். பின்னால் அமெரிக்கா சட்டம் போட்டு, முன்னோக்கிய கியருக்கும் ரிவர்ஸுக்கும் நடுவே நியூட்ரல் இருந்தே தீர வேண்டும் என்றது. லிவரில் உள்ள எழுத்துகளின் வரிசைக்கே இவ்வளவு கவனம் கொடுத்தவர்கள், அந்த எழுத்தைக் கியர் பெட்டி வரை கொண்டு சேர்க்கும் வளையத்துக்கு வெகுகாலம் அந்தக் கவனத்தைக் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

கம்பியின் கண்ணை நேரே முளையில் மாட்டிவிட்டால் என்ன, நடுவில் புஷ் எதற்கு என்று அக்கா மகன் கேட்டான். கம்பி நேர்கோட்டில் நகர்கிறது, கை வில்லாக வளைந்து சுழல்கிறது; இரண்டும் சேருமிடத்தில் கொஞ்சம் நெளிவு வேண்டும். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் எப்போதும் அதிர்ந்துகொண்டிருக்கிறது. அந்த அதிர்வு லிவருக்கு ஏறாமல் யாராவது நடுவில் வாங்கிக்கொள்ள வேண்டும். எஃகும் எஃகும் உரசினால் இரண்டுமே தேயும், இரண்டுமே விலை உயர்ந்தவை. மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடத்துக்குள் இரும்பு வளையம் போட்டு, வண்டி மை தடவி ஓட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்: தேய்வது எது என்று நாமே தீர்மானித்து, மாற்ற எளிதான பொருளை அந்த இடத்தில் வைப்பது. தேய்மானத்தால் மட்டும் கெடுவதாக இருந்தால் புஷ் நியாயமாக நடந்துகொள்ளும். முதலில் லிவரில் ஆட்டம் தெரியும். பிறகு எழுத்துக்கும் கியருக்கும் அரை விரல் விலகும். பிறகு ‘பி’யில் போட்டும் சில நேரம் எஞ்சின் கிளம்பாமல் போகும். இப்படி மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகும். அவன் வண்டியில் நேற்றுவரை எந்த ஆட்டமும் இல்லை.

பானெட்டைத் திறந்து, காற்று வடிகட்டிப் பெட்டியை அகற்றினோம். எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்ட வண்டி என்பதால் கியர் பெட்டியின் கை அதன் அடியிலேயே இருந்தது. கேபிள் கண் முளைக்கு ஒரு விரல் தள்ளித் தொங்கியது. கண்ணுக்குள் ஒட்டியிருந்த மிச்சத்தை நகத்தால் சுரண்டினேன். ஈரத்தில் கிடந்து காய்ந்த பனங்கருப்பட்டிபோலப் பொலபொலவென்று உதிர்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. தேய்ந்த பிளாஸ்டிக் வழவழப்பாக, ஒரு பக்கம் மெலிந்து இருக்கும். இது உள்ளிருந்தே உதிர்ந்திருந்தது. இதைத் தின்றது தண்ணீர்.

பிளாஸ்டிக்கைத் தண்ணீர் தின்னுமா? எல்லாப் பிளாஸ்டிக்கையும் இல்லை. ஆனால் பாலியெஸ்டர் இனத்தில் பிறந்தவற்றைத் தின்னும். ரப்பர்போல நெகிழ்ந்தும் பிளாஸ்டிக்போல வார்க்கவும் கூடிய ஒருவகைப் பாலியெஸ்டர் இருக்கிறது. கார்களில் புஷ், மூடி, உறை என்று பல இடங்களில் அதைப் போடுகிறார்கள். அதன் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. சங்கிலியின் கண்ணிகளைக் கோத்திருக்கும் பிணைப்புக்கு எஸ்டர் என்று பெயர். ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் சேர்ந்து, நடுவே ஒரு தண்ணீர் மூலக்கூற்றை வெளியேற்றிக் கைகோத்தால் எஸ்டர். வெளியேற்றிய தண்ணீரையே திரும்பக் கொடுத்தால் கை விட்டுப்போகும். தேங்காயெண்ணெயில் ஈரம் பட்டு நாளானால் காறல் நெடி அடிக்கிறதே, அங்கே நடப்பதும் இதுதான். கொழுப்பும் ஓர் எஸ்டர். தண்ணீர் அதை உடைக்க, பிரிந்துவந்த அமிலத்தின் நெடிதான் காறல்.

சங்கிலியில் ஒரு பிணைப்பு அறுந்தால் வெளியில் ஒன்றும் தெரியாது. நூறு அறுந்தாலும் தெரியாது. புஷ் அதே அளவில், அதே நிறத்தில், அதே இடத்தில் இருக்கும். ஆனால் அறுந்த ஒவ்வொரு முனையிலும் ஓர் அமிலத் துணுக்கு பிறக்கிறது, அது பக்கத்துப் பிணைப்பை அறுக்கத் தண்ணீருக்குத் துணை நிற்கிறது. ஆகவே வேகம் கூடிக்கொண்டே போகும். சங்கிலிகள் ஓர் அளவுக்குக் கீழே குட்டையாகிவிட்டால், அவை ஒன்றோடொன்று பின்னிக்கிடந்து கொடுத்த வலு ஒரேயடியாக இல்லாமல் போகும். நேற்று நன்றாக இருந்தது இன்று பொடியாவது இதனால்தான்.

இதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, ஈரக்காற்று போதும். வெப்பமும் சேர வேண்டும். வேதிவினைகளின் வேகம் பத்து டிகிரி கூடினால் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. எல்லா வினைக்கும் துல்லியமாகப் பொருந்தாது, ஆனால் திசையைச் சரியாகக் காட்டும். முப்பது டிகிரி கூடினால் எட்டு மடங்கு. எஞ்சின் அறையில் வெப்பம் அதிகமாகும் நேரம் வண்டி ஓடும்போது அல்ல, ஓடி முடித்து நிறுத்திய பிறகுதான். ஓடும்போது முன்னாலிருந்து காற்று வீசிக் குளிர்விக்கிறது, விசிறி சுழல்கிறது. நிறுத்தியதும் இரும்புக்குள் இருந்த சூடெல்லாம் அந்த மூடிய அறையில் தேங்கும். ராமநாதபுரத்திலிருந்து எழுபதுக்கு மேல் கிலோமீட்டர் வெயிலில் விரட்டிவந்து, அரிச்சல்முனையில் இரண்டு கடலுக்கு நடுவே நிறுத்தி, ஒரு மணி நேரம் படம் எடுத்தால், பானெட்டுக்குள் சூடும் ஈரமும் ஒன்றாக வேலை செய்யும். ஒவ்வொரு ஞாயிறும் அதைத்தான் அவன் செய்துகொண்டிருந்தான். குறைவாக ஓடிய வண்டி என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான். இந்த வினை கிலோமீட்டரை எண்ணுவதில்லை.

இது என் ஊகம் மட்டும் அல்ல. 2022 ஜூனில் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் ஏறக்குறைய 29 லட்சம் வண்டிகளை இதே புஷ்ஷுக்காகத் திரும்ப அழைத்தது. எஸ்கேப், ஃபியூஷன், சி-மேக்ஸ், எட்ஜ், டிரான்சிட் கனெக்ட் என்று பல மாடல்கள். அதற்கு முன்பே 2018-இல் சுமார் ஐந்தரை லட்சம் வண்டிகளை அழைத்திருந்தார்கள். கேபிளைக் கியர் பெட்டியோடு இணைக்கும் புஷ் சிதைந்து கழன்றுவிடலாம், ஓட்டுநர் ‘பி’யில் போட்டதாக நினைத்து இறங்கும்போது வண்டி உருளலாம் என்பது காரணம். வெப்பமும் ஈரப்பதமும் அந்தச் சிதைவுக்குத் துணைபோகக்கூடும் என்று சொன்னார்கள். தீர்வாகக் கொடுத்தது புதிய புஷ், அதன்மேல் ஒரு பாதுகாப்பு மூடி. அவ்வளவு பெரிய நிறுவனம், அவ்வளவு வண்டிகள், கையில் கொடுத்தது விரல்நுனியில் நிற்கிற ஒரு பொருள். என் அக்கா மகன் வண்டி அந்த நிறுவனத்துடையது அல்ல. அமைப்பு மட்டும் ஒன்று.

உப்பைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. உப்பு பிளாஸ்டிக்கை நேரடியாக ஒன்றும் செய்வதில்லை. அது ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சுத்தமான சோற்றுப்பு தானே காற்றிலிருந்து நீர் குடித்துக் கரைசலாகிவிடும். இந்தத் தீவில் பல இரவுகள் அந்த எல்லையைத் தாண்டுபவை. கடல் துளியில் இருப்பதோ சோற்றுப்பு மட்டும் இல்லை. மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது சுமார் 33 விழுக்காட்டிலேயே நீர் குடிக்கத் தொடங்கும். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு, உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீர் எளிதில் காயாது என்பது தெரியும். அடுக்களையில் கல்லுப்பு வைத்த சாடி கார்த்திகை மழையில் கசிந்து அடியில் தண்ணீர் தேங்குவதும் அந்தக் கசப்புக்காரனால்தான். எஞ்சின் அறைக்குள் படிந்த கடலுப்புப் படலம் மதியத்திலும் முழுதாக உலர்வதில்லை என்றால் வியப்பில்லை.

அந்தப் படலம் முளையின் துத்தநாகப் பூச்சை முதலில் தின்றுவிட்டு எஃகுக்கு வருகிறது. துரு ஏறிய முளை அரம்போலச் சொரசொரப்பாகிறது. ஏற்கெனவே உள்ளுக்குள் வலுவிழந்துகொண்டிருக்கும் புஷ்ஷை ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அது ராவுகிறது. எங்கள் கையில் உதிர்ந்த தூளில் பழுப்பு நிறம் கலந்திருந்தது. ஆக, ஈரமும் சூடும் உப்பும் மூன்றும் சேர்ந்தே முடித்திருக்கின்றன.

மாலையானால் பார்வையாளர்களை முனையிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். இழுவை வண்டிக்கு எங்கே போவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, வலையைத் தோளில் போட்டபடி வந்த ஒரு மீனவர் எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, கம்பி கழண்டுருச்சா?” பார்த்த உடனே விளங்கிவிட்டது அவருக்கு, விசைப்படகில் எஞ்சின் கியரை மாற்ற இதே மாதிரி கம்பி இருக்கிறதாம். “முதல்ல சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்க” என்று அலைதடுப்புக் கற்களில் இரண்டைக் காட்டினார். முன்னும் பின்னும் கல் வைத்தோம். கைப்பிரேக் ஏற்கெனவே இழுத்திருந்தது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. இந்த மூன்றும் இல்லாமல் அந்தக் கையைத் தொடக்கூடாது. கை ‘பி’யில் இல்லாதவரை வண்டியைப் பிடித்துவைக்க வேறு எதுவும் இருக்காது.

கொஞ்சம் தடித்த தங்கூசி நரம்பை எடுத்து, கேபிள் கண்ணை முளையில் வைத்து எட்டுப்போல் சுற்றினார். இறுக்குவதற்கு முன் முடிச்சில் எச்சில் தொட்டுத் தடவினார். நைலான் முடிச்சு போடுகிற எல்லா மீனவரும் செய்வது அது. உலர்ந்த நரம்பு உரசலில் சூடாகி வலுவிழக்கும், ஈரமானது வழுக்கி ஒழுங்காக உட்காரும். வாலஸ் கரோதர்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1935-இல் உருவாக்கிய நைலான், சில பத்தாண்டுகளில் உலகக் கடற்கரைகளிலெல்லாம் பருத்தி வலையை வீட்டுக்கு அனுப்பியது. பருத்தியைப்போல அது அழுகுவதில்லை. ஆனால் நைலானும் தண்ணீர் குடிக்கும். முழுதும் ஊறினால் தன் எடையில் நூற்றுக்கு 8, 9 பங்கு வரை உள்வாங்கி உப்பும். இது பின்னால் பட்டறையில் உதவிய செய்தி.

கட்டு நின்றது. லிவர் நகர்ந்தால் கை நகர்ந்தது. அவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். வழியில் எங்கும் ‘பி’யை நம்பி இறங்கக் கூடாது, நிற்கும் இடத்திலெல்லாம் கைப்பிரேக் என்று பேசிக்கொண்டு மெதுவாகக் கிளம்பினோம்.

பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறும்போது இடப்பக்கமோ வலப்பக்கமோ எட்டிப் பார்க்காத ஆள் இல்லை. எனக்குக் கண் ரயில் பாலங்களில் இருந்தது. 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலம், கப்பலுக்கு இரண்டாகப் பிளந்து வழிவிடும் ஷெர்சர் தூக்கு. ஆட்கள் கையால் நெம்பித் தூக்கியது அது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்து, 46 நாளில் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் மீண்டெழுந்து, 2022 டிசம்பர் வரை ரயிலைத் தாங்கியது. பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம், 72.5 மீட்டர் நீளத் துண்டு மின்மோட்டாரால் நேராக மேலே எழுகிறது. அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்சேன் பூச்சு என்று உப்புக்கு எதிராக எவ்வளவோ செய்திருக்கிறார்கள். பக்கத்திலேயே மண்டபத்தில், உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து அரிப்பை அளக்கும் சோதனை நிலையம் இருக்கிறது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தின் பிள்ளை அது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறந்த ஆய்வகம். இரும்பைக் காக்க இந்தக் கரையில் ஒரு நூற்றாண்டு அறிவு சேர்ந்திருக்கிறது. இரண்டு இரும்புக்கு நடுவே நாம் செருகும் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் அப்படி ஒரு கணக்கை வண்டிக்காரர்கள் யாரும் வைத்துக்கொள்வதில்லை. டயரைப் பார்க்கிறோம், எண்ணெயைப் பார்க்கிறோம். புஷ்ஷுக்கு ஆயுள் கேட்டால் “உடையும்போது பாத்துக்கலாம்” என்கிறோம்.

ராமநாதபுரத்தில் பட்டறை அண்ணனிடம் வண்டி போனது. இந்த மாதிரி வண்டிகளுக்குப் பல நிறுவனங்கள் புஷ்ஷைத் தனியாக விற்பதில்லை, கேபிளை முழுதாகத்தான் மாற்றச் சொல்கின்றன. கேபிள் வர நாளாகும், விலையும் அதிகம். “லேத்துல பித்தளைப் புஷ் கடைஞ்சு போட்டுரலாம் தம்பி, ஜென்மத்துக்கும் உடையாது” என்றார் அவர். நான் குறுக்கே பேச வேண்டியதாயிற்று. பித்தளை உடையாது, உண்மை. ஆனால் எஃகு முளையும் பித்தளையும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு மின்கலம். அரிமானத்தில் பித்தளை உயர்சாதி, எஃகு தன்னைக் கொடுத்து அதைக் காப்பாற்றும். அதாவது முளை போகும். முளை போனால் கியர் பெட்டியின் கையையே மாற்ற வேண்டும். பித்தளைக்கு நெகிழ்வும் இல்லை, எஞ்சின் அதிர்வு முழுக்க லிவரில் கடகடக்கும்.

“அப்ப வெள்ளை நைலான் ராடு இருக்கு சார்” என்றார். அதற்குத்தான் தங்கூசி நினைவு வந்தது. நீர் குடித்து உப்பினால் துளை சுருங்கி முளையைக் கவ்வும், வேனிலில் உலர்ந்தால் தளரும். இந்த ஊர் ஈரத்தில் அளவு நிலைக்காது. நான் கேட்டது அசெட்டல். 1960 வாக்கில் சந்தைக்கு வந்த பிளாஸ்டிக், டெல்ரின் என்ற பெயரில் லேத்துக்காரர்களுக்குத் தெரியும். பார்க்க நைலான்போலத்தான் இருக்கும். ஆனால் முழுதும் ஊறினாலும் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே நீர் குடிக்கும், எஸ்டர் பிணைப்பு கிடையாது, வழுவழுப்பும் உண்டு. வலுவான அமிலம் மட்டும் அதற்கு ஆகாது. பாட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிற இடம் என்பதால் பாட்டரி கசிகிறதா என்று பார்த்துக்கொண்டோம். நெகிழ்வு குறைவுதான், அதை ஏற்றுக்கொண்டேன். கேபிள் கண்ணுக்கு ஏற்ற அளவில் அசெட்டல் புஷ் வெளியூரிலிருந்து நான்கு நாளில் வந்தது.

மாட்டியது அரை மணி நேர வேலை. நான்கு சக்கரத்துக்கும் கட்டை, கைப்பிரேக், பாட்டரி ஒயர் கழற்றல். தங்கூசிக் கட்டை அறுத்து, கண்ணுக்குள் ஒட்டிய பழைய தூளைச் சுரண்டி எடுத்தார். முளையை நைசான எமரித் தாளால் துரு போகும்வரை மட்டும் தேய்த்தார்; அதிகம் தேய்த்தால் முளை மெலிந்து புது புஷ்ஷும் லூசாக நிற்கும். கேபிளின் உள்கம்பியைக் கையால் இழுத்துத் தள்ளி உறைக்குள் தடையின்றி ஓடுகிறதா என்று பார்க்கச் சொன்னேன். இது பலர் விட்டுவிடுகிற இடம். உறைக்குள் துருப்பிடித்துக் கம்பி இறுகினால், அந்த இறுக்கத்தையும் புஷ்தான் தாங்கும். புதியதும் சீக்கிரம் உடையும். கம்பி சரளமாகவே ஓடியது. புஷ்ஷைச் சுடுநீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, கண்ணுக்குள் வாய் அகன்ற பிளையரால் அழுத்தினார். துளையில் சிலிக்கோன் கிரீஸ். சாதாரண பெட்ரோலிய கிரீஸ் அசெட்டலை ஒன்றும் செய்யாது, ஆனால் பக்கத்தில் இருந்த இயற்கை ரப்பர் தூசிமூடியை உப்ப வைத்துவிடும். பிறகு கண்ணை முளையின்மேல் வைத்து ஒரே அழுத்து. ‘டிக்’ என்று உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. மேலே சிறு ரப்பர் மூடி ஒன்றையும் மாட்டினோம், உப்புத் தூறல் நேரே படாமல் இருக்க.

உட்கார்ந்துவிட்டதாலேயே வேலை முடியவில்லை. கேபிளின் நீளம் சில மில்லிமீட்டர் தவறினாலும், லிவர் ‘டி’யில் இருக்கும்போது உள்ளே வால்வு பாதி திறந்து நிற்கும். எண்ணெய் அழுத்தம் குறையும், கிளட்ச் தட்டுகள் முழுதாகக் கவ்வாமல் வழுக்கித் தீயும். அப்போதுதான் நிஜமாகவே கியர் பெட்டி போகும். ஆகவே லிவரும் கையும் இரண்டும் ‘பி’யில் நிற்கும்போது கேபிளின் பூட்டைத் தளர்த்தி, அதுவாகவே தன் இடத்துக்கு வரவிட்டு, மறுபடி பூட்டினார். எஞ்சின் ‘பி’யிலும் ‘என்’னிலும் மட்டும் கிளம்பியது. ‘ஆர்’ போட்டால் பின்விளக்கு எரிந்தது. ஒவ்வொரு எழுத்திலும் திரையும் லிவரும் ஒத்துப்போயின.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. மலைப்பாங்கான ஊராக இருந்தால் சரிவில் நிறுத்திப் பார்த்துவிடலாம். ராமநாதபுரம் தாம்பாளம் மாதிரி. பட்டறைப் பையன்கள் இருவரையும் அக்கா மகனையும் பின்னால் நிற்க வைத்தார். லிவர் ‘பி’யில். எஞ்சின் நின்றிருந்தது. கட்டைகளை அகற்றி, கைப்பிரேக்கையும் இறக்கிவிட்டு, நான் வண்டிக்குள் பிரேக்கின்மேல் காலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“தள்ளுங்கடா.”

வண்டி ஒரு விரற்கடை நகர்ந்தது. அடியில் எங்கோ ‘டக்’ என்று கொக்கி விழுந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள், அது அசையவில்லை.

“இன்னொரு தடவை” என்றேன்.

தள்ளினார்கள். நின்ற இடத்திலேயே நின்றது.

அந்தப் பழைய தூளை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வருஷம் இதே மாதம் பானெட்டைத் திறந்து புதியதை ஒருமுறை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும் என்று அக்கா மகன் நாட்காட்டியில் குறித்திருக்கிறான்.